டயாலிசிஸ் ஷஹனாஸ் போட்டுக்கொண்ட ஊசி

திருச்சி பாலக்கரைப் பக்கம் ஷஹனாஸ் என்ற பெயரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். தையல்கடை ஷஹனாஸ், டீச்சர் ஷஹனாஸ் என்று அடைமொழி சேர்த்துச் சொன்னால்தான் ஆள் புரியும். ஆனால் 'டயாலிசிஸ் ஷஹனாஸ்' என்று சொல்லிவிட்டால் மறுகேள்வி கிடையாது. ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். அந்தப் பெயரை யார் வைத்தது என்று அவளுக்கே தெரியாது. முதலில் கேட்டபோது ஏதோ வியாதிக்காரியைச் சொல்கிற மாதிரி இருந்தது. போகப் போகப் பிடித்துப்போயிற்று.

அவள் அத்தா குத்புதீன் சிங்காரத்தோப்பில் செருப்புக்கடை வைத்திருந்தவர். ஷஹனாஸ் பிளஸ் ஒன் படிக்கும்போது அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது, தலை சுற்றும். அதனால் கூடப் போனது ஷஹனாஸ்தான். அத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாடப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, பாடத்தைப் படிக்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு குழாயில் கறுத்துப் போகிற ரத்தம் இன்னொரு குழாயில் சுத்தமாகித் திரும்பி வருவது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. வரும்போது வீங்கிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற அத்தா, திரும்பும்போது "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா புள்ள" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அந்த மிஷினைக் கும்பிடலாம் போலிருக்கும்.

பன்னிரண்டாவது முடித்ததும் சொந்தக்காரர்கள் எல்லாம் பி.காம். சேரச் சொன்னார்கள். "அத்தா, நான் அந்த மிஷின் படிப்பு படிக்கிறேன்" என்றாள். அவர் சிரித்தார். மறுப்புச் சொல்லவில்லை. அவள் வெள்ளை கோட் போட்டுக்கொண்டு முதல் வருடம் கல்லூரிக்குப் போனதைப் பார்த்தார். படிப்பு முடிவதைப் பார்க்க இருக்கவில்லை. அத்தா கையில் ஒரு தடவையாவது தான் ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் ஷஹனாஸுக்கு இன்றைக்கும் உண்டு.

வேலை கிடைத்தது ஸ்ரீரங்கத்தில். மாம்பழச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டர். எட்டு மிஷின். டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கையில் ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்து வைத்திருப்பார்கள். மேலே விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அங்கேதான் ஊசி இறங்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் கை வீங்கிவிடும், நோயாளி துடித்துப்போவார். ஷஹனாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் விரலால் தடவிப் பார்ப்பாள். பிறகு ஒரே குத்து. உத்தர வீதியிலிருந்து வருகிற ரங்கநாயகி அம்மாள், மற்றவர்கள் யாராவது ஊசியோடு பக்கத்தில் வந்தால் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வார். "ஷஹனாஸ் வரட்டும். அவ குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியறதில்லை. நான் காத்துண்டிருக்கேன், ஒண்ணும் அவசரமில்லை" என்பார். டாக்டரே வந்து சொன்னாலும் கை வெளியே வராது.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக் காட்டும்போது ஷஹனாஸுக்கு முகத்தில் ஒரு களை வரும். மாமியார் வஹீதாவுக்கு அது பிடிக்கும், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "சரி சரி, கை கழுவிட்டு வந்து சாப்பிடு" என்பார்.

கணவன் ஹாலித் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமான புதிதில் உண்டான முதல் கரு இரண்டாவது மாதமே கலைந்துபோயிற்று. பிறகு கொரோனா வந்தது. ஊர் அடங்கி, திறந்து, மறுபடி மூச்சுவிட்ட சமயத்தில் ஹாலித் வந்துபோனான். திரும்பவும் உண்டானாள். அந்த ஜனவரியில்தான் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். சென்டரில் எல்லாரும் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஷஹனாஸைக் கேட்டார்கள். கர்ப்பம் என்றாள். "அப்போ உங்களுக்குக் கெடையாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதைய விதி அது. சென்டரில் இன்னொரு கர்ப்பிணியும் இருந்தாள். நர்ஸ் வேணி, முசிறிக்காரி, ஷஹனாஸுக்கு உயிர்த்தோழி. அவளுக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

அந்தக் கருவும் பிப்ரவரியில் ஷஹனாஸுக்கு நிலைக்கவில்லை. ஊசி போடாமலேதான் போயிற்று.

அதன் பிறகாவது போட்டிருக்கலாம். போடவில்லை. ஹாலித் மார்ச்சில் லீவு போட்டு வந்தான். மறுபடி ஒரு குழந்தைக்கு ஆசைப்பட்ட நேரம். ஊசி போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. அவள் அதை நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. படித்தவள்தான். இரண்டு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அந்தப் படிப்பை எடுத்துப் பேசுவதற்கு ரொம்பத் தெம்பு வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அதற்குள் இரண்டாவது அலை வந்துவிட்டது.

அந்த மே மாதத்தைப் பற்றித் திருச்சியில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஷார்ஜாவுக்கு விமானம் நின்றுபோய், ஹாலித் வீட்டோடு மாட்டிக்கொண்டான். பஸ் இல்லாததால் அவன்தான் தினமும் காலையில் ஷஹனாஸை பைக்கில் வைத்துக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தான். ஊரே கதவைச் சாத்திக்கொண்டாலும் டயாலிசிஸை நிறுத்த முடியாது. இரண்டு தடவை தவறினால் ஆளே போய்விடலாம். சென்டரில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு ஷிப்ட், மூன்று ஷிப்ட் என்று பார்த்தார்கள். நேற்றுவரை கிண்டலடித்துப் பேசிக்கொண்டிருந்த நோயாளியின் கட்டில் இன்றைக்குக் காலியாக இருக்கும். வேர்வையில் நனைந்த கோட்டுக்குள் நின்றுகொண்டு ஷஹனாஸ் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

வேணிக்கு ஏழாவது மாதத்தில் காய்ச்சல் வந்தது. மூச்சுத் திணறி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். தாய் ஒரு வார்டில் ஆக்ஸிஜனோடும், பிள்ளை ஒரு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கிடந்தார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தை வேணி போனில்தான் முதலில் பார்த்தாள். ரொம்ப நாள் போராடி இரண்டு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் மாடிப்படி ஏறினால் வேணிக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது என்று அவள் அம்மா போனில் சொல்லி அழுதார்.

ஜூன் கடைசியில், அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஷஹனாஸ் தனக்குத் தள்ளிப்போயிருப்பதைக் கவனித்தாள். பாத்ரூமில் நின்று சோதனைப் பட்டையில் விழுந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷம் முதலில் வந்தது. பின்னாலேயே பயம் வந்து நின்றது.

வீட்டில் சொல்லி இரண்டு நாள் ஆவதற்குள் டிவியில் செய்தி வந்தது: கர்ப்பிணிகளும் இனிமேல் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த வஹீதாவின் கை பாதியில் நின்றது.

"ஷஹனாஸு, நீ அந்த நெனப்புல இருக்காத. ரெண்டு தடவ பட்டது போதும். மூணு மாசம் தாண்டட்டும், அஞ்சு மாசம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"மாமி, நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வேணாம். உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

ஹாலித் தனக்கு முதல் ஊசியை எப்போதோ போட்டுக்கொண்டுவிட்டான். இரண்டும் போட்டால்தான் ஷார்ஜாவுக்குள் விடுவார்கள் என்று பேச்சு. மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"வேலையை விட்டுடேன். புள்ள பொறக்கற வரைக்கும்தான். வெளிய போனாத்தானே இந்த பயமெல்லாம்?"

"நீங்க மட்டும் ஊசி போட்டுக்கிட்டீங்க. எனக்கு வேணாம்ங்கறீங்க."

"என் வயித்துல ஒண்ணும் இல்லையேம்மா."

அவன் சொன்னதும் நியாயம்தான். ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: "வேலையை மட்டும் விடச் சொல்லாதீங்க. இந்த நேரத்துல ஆளு இல்லைங்கறதுக்காக மட்டும் சொல்லல. அது எங்க அத்தா கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து நான் ஆசப்பட்ட வேலை. அங்க நான் நிக்கும்போது எனக்கே என்னைப் புடிக்குதுங்க. அதை விட்டுட்டு வீட்டுல உக்காந்தா பயம்தான் துணைக்கு இருக்கும்."

ஹாலித் அவளைப் பார்த்துவிட்டு மிச்சத் துணியை எடுத்துக் கொடுத்தான். "சரி, டாக்டரைக் கேப்போம்" என்றான்.

தில்லைநகரில் டாக்டர் கலைமதி. ஷஹனாஸின் இரண்டு நஷ்டங்களையும் பார்த்தவர். ஸ்கேனில் துடிப்பைக் காட்டினார். எள்ளு மாதிரி ஒரு பொட்டு, உள்ளே மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"போட்டுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் வந்தா மத்தவங்களவிட மோசமாப் போகுது, அதை நான் இந்த ரெண்டு மாசத்துல கண்ணால பாத்துட்டேன். உன் வேலையோ நோயாளிங்களுக்கு நடுவுல. அதனால உனக்கு நல்லதுன்னுதான் சொல்லுவேன்."

"இப்பவேவா டாக்டர்? மூணு மாசம் ஆகறதுக்கு முன்னாடியே?"

"எந்த மாசமும் போடலாம்னுதான் சொல்லியிருக்காங்க. சில டாக்டருங்க மூணு மாசம் பொறுத்துக்கோன்னு சொல்றாங்க, அதுவும் உண்மை. இதுவரைக்கும் வந்திருக்கற கணக்கைப் பாத்தா, ஊசியால கரு கலையறது கூடியிருக்குன்னு எங்கயும் தெரியல. ஆனா இது புது ஊசி. பல வருஷத்து அனுபவம் இருக்குன்னு உங்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஷஹனாஸ் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஊசி போட்டாலும் போடாட்டியும் ஆரம்பத்துல சில கரு நிக்காம போயிடும். உனக்கு அது தெரியும். ஊசி போட்டதுக்கு அப்புறம் அப்படி ஏதாவது ஆச்சுன்னா, உன் மனசு ஊசி மேல பழியைப் போடும். உன் மேலயே போட்டுக்கும். போடாம இருந்து நோய் வந்தாலும் அதேதான். ரெண்டு பக்கமும் யோசிச்சுட்டு வா. நானா உன்னைத் தள்ளிவிட மாட்டேன்."

இருவரும் பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் அவள் இரண்டு மனமாக இருந்தாள். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். மதியம் ரங்கநாயகி அம்மாளின் கையைத் தடவிக்கொண்டு நிற்கும்போது, எதற்கு வம்பு, மூன்று மாதம் பொறுக்கலாமே என்று தோன்றும். ஒரு நாள் அந்த அம்மாளே முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி கொழந்தே, இன்னிக்கு வாயே தெறக்கலை?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்று சமாளித்தாள். அன்றைக்கே அதே அறையில் புதிதாக வந்த ஒரு நோயாளிக்கு இருமல். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு இருமினார். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் முடிவு வரும்வரை ஷஹனாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மாதம் பொறுப்பது என்றால் இப்படித்தான் ஒவ்வொரு இருமலுக்கும் செத்துச் செத்துப் பொறுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

வேணிக்குப் போன் போட்டாள். வேணி முசிறியில் அம்மா வீட்டில் இருந்தாள். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"என்னடி, வயித்துல பூச்சி எப்படியிருக்கு?" என்றாள் வேணி. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு எடுத்துக்கொண்டாள்.

ஷஹனாஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மாமி சொன்னது, டாக்டர் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது.

வேணி பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு, "போடுன்னும் சொல்ல மாட்டேன், போடாதேன்னும் சொல்ல மாட்டேன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்றாள். "ஆனா ஒண்ணு. எனக்குப் போடலாமா வேணாமான்னு யோசிக்கவே யாரும் விடலடி. கெடையாதுன்னு சொன்னாங்க, வந்துட்டேன். இப்போ உன்னை யோசிக்கச் சொல்லியிருக்காங்க. அடுத்தவங்க பயத்துக்காகவும் போடாத, அடுத்தவங்க பயத்துக்காக விட்டுடவும் வேணாம். என்ன பண்ணாலும் நீயாப் பண்ணு."

போனை வைத்த பிறகு ஷஹனாஸ் வெகுநேரம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வேணியின் மூச்சு காதிலேயே நின்றது. தான் எதற்குப் பயப்படுகிறோம் என்று முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தாள். ஊசி என்ன செய்யும் என்பதைவிட, ஏதாவது ஆகிவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான் அதில் பெரிய பங்கு. அந்தப் பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டால், மிச்சம் இருந்த பயத்துக்கு டாக்டரின் பதிலே போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. சுபுஹு தொழுதுவிட்டு எல்லாரும் டீக்கு உட்கார்ந்தார்கள். மாமனார் தாஜுதீன், ஹாலித், வஹீதா. ஷஹனாஸ் டீயை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"மாமி, நான் ஊசி போட்டுக்கப் போறேன். இன்னைக்கே."

வஹீதா டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அந்த டாக்டரா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. டாக்டர் ரெண்டு பக்கமும் சொன்னாங்க. நான் யோசிச்சேன். நான் தினமும் போற எடம் அப்படி. நோய் வந்து எனக்கு மூச்சு நின்னா புள்ளைக்கும் மூச்சு நிக்கும். வேணியப் பாத்துட்டேன். அல்லா காப்பாத்துவான்தான். அவன் காட்டின வழியில ஒண்ணுதான் இதுன்னு எனக்குப் படுது."

"ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"ஆயிட்டா அழுவேன் மாமி. ஆனா ஏன் போட்டேன்னு அழ மாட்டேன்."

வஹீதா ஹாலித்தைப் பார்த்தார். ஹாலித் அப்பாவைப் பார்த்தான். தாஜுதீன் அதிகம் பேசாத மனிதர். தெப்பக்குளத்துப் பக்கம் பெட்டி, பை விற்கிற கடை. கடையில்கூட வாடிக்கையாளர்தான் பேசுவார், இவர் எடுத்துக் காட்டுவார். அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

"இந்த ஒரு வாரமா இந்த வீட்டுல எல்லாரும் பேசிட்டோம்" என்றார். "சொமக்கறவ இன்னைக்குத்தான் பேசியிருக்கா. அதுக்கு மேல நாம என்ன பேசறது?"

அவ்வளவுதான். எழுந்து கடைக்குக் கிளம்பிவிட்டார். வஹீதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன. ஆனால் ஷஹனாஸ் கிளம்பும்போது, புர்கா போட்டுக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வரேன். தனியா அனுப்பிட்டு இங்க உக்காந்து என்னால படபடத்துக்கிட்டிருக்க முடியாது."

முகாம் ஒரு ஸ்கூலில் நடந்தது. வகுப்பறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் தரையில் வரைந்த வட்டங்களுக்குள் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். ஷஹனாஸின் முறை வந்தபோது, பெயர் எழுதிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தனை மாசம்க்கா?"

"ரெண்டு."

"மூணு மாசத்துக்கு முன்னாடி போட மாட்டோம்க்கா. அப்புறமா வாங்க. அடுத்த ஆள் வாங்க."

"எந்த மாசத்துலயும் போடலாம்னு உத்தரவு வந்திருக்கு தம்பி."

"எங்களுக்கு ஒண்ணும் சொல்லலக்கா. தள்ளிக்குங்க."

பின்னால் நின்ற ஒரு பெரியவர், "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா சொல்றதுக்கு?" என்றார்.

ஷஹனாஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வாரம் தன்னோடு தானே மல்லுக்கட்டி எடுத்த முடிவை, ஒரு மேஜைக்கு முன்னால் நின்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பெரியவங்க இருக்கோம். இதோ நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?"

வஹீதாதான். முகத்திரையைத் தூக்கிவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, இவ யாருன்னு நெனச்ச? ஊரே வீட்டுக்குள்ள பூந்துக்கிட்டப்ப, சீரங்கத்துல மிஷினுக்குப் பக்கத்துல நின்னு அத்தனை பேரு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புனவ. வெவரம் தெரியாம வந்து நிக்கல. டாக்டரைப் பாத்து, யோசிச்சு, வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கா. உனக்குத் தெரியலன்னா தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு. எங்கள தள்ளிக்கச் சொல்லாத."

பெரியவர் வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பையன் எழுந்து உள்ளே ஓடினான். முகாம் டாக்டர் அம்மா வெளியே வந்தார், விஷயத்தைக் கேட்டார். "அவங்க சொல்றது சரிதான். எந்த மாசத்துலயும் போடலாம். தம்பி புதுசு, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லி ஷஹனாஸை உள்ளே கூட்டிப்போனார். என்னென்ன ஆகலாம், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றாள் ஷஹனாஸ்.

ஊசி போட்டதே தெரியவில்லை. வருஷக்கணக்காக மற்றவர்கள் கையைத் தடவியவள், தன் கையில் ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கர்வமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அழுகை வந்தது, அதுவும் நல்ல அழுகைதான்.

நர்ஸ் பெண் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே வஹீதாவைப் பார்த்தாள். "நீங்க போட்டாச்சாம்மா?"

வஹீதா சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினார். சர்க்கரை இருக்கிறது, முட்டிவலி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவர் மூன்று மாதமாகத் தப்பித்துக்கொண்டிருந்தார்.

"மாமி?" என்றாள் ஷஹனாஸ்.

வெளியே அத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவு பேசியாயிற்று. இனிமேல் போடாமல் அந்த வாசலைத் தாண்டுவது எப்படி? "என்ன பாக்கற, நகரு" என்று மருமகளை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினார் வஹீதா.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேருக்கும் காய்ச்சல். ஹாலித் இரண்டு பேருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். மாத்திரை போட்டுப் படுத்து, மறுநாள் மதியத்துக்குள் ஷஹனாஸ் எழுந்துவிட்டாள். வஹீதாதான் இரண்டு நாள் முனகினார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. பத்தாவது வாரத்தில் ஒரு காலை, ஷஹனாஸ் பாத்ரூமிலிருந்து வெளுத்த முகத்தோடு வெளியே வந்தாள். சொட்டாக ரத்தம் பட்டிருந்தது. போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஹாலித் ஆட்டோ பிடிக்க ஓடினான். ஆட்டோவில் வஹீதா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஷஹனாஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமி என்ன சொல்லப்போகிறார் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

"இங்க பாரு ஷஹனாஸு" என்றார் வஹீதா. "என்ன ஆனாலும், அந்த ஊசியாலன்னு என் வாயால ஒரு வார்த்தை வராது. யாரையும் சொல்லவும் விட மாட்டேன். போன ரெண்டு தடவை ஊசியா போட்ட?"

ஷஹனாஸ் அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த ஆட்டோப் பயணத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பயம் ஞாபகம் வருவதில்லை, அந்தத் தோள்தான் ஞாபகம் வருகிறது.

டாக்டர் கலைமதி ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். எள்ளாக இருந்தது இப்போது கை கால் முளைத்து, அந்த இருட்டுக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆரம்பத்துல இப்படிக் கொஞ்சம் படறது நெறைய பேருக்கு உண்டு. ஒரு வாரம் படுத்து ரெஸ்ட் எடு" என்றார். வஹீதா திரையைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது ஊசியையும் அக்டோபரில் போட்டுக்கொண்டாள். பேச்சே எழவில்லை. ஹாலித் அதற்குள் ஷார்ஜா திரும்பியிருந்தான். ஜனவரியில் மூன்றாவது அலை வந்து சென்டரில் மறுபடி பாதிப் பேர் விழுந்தபோது, எட்டாவது மாதத்தில் ஷஹனாஸுக்கும் தொற்று வந்தது. தொண்டை கரகரத்தது, உடம்பு வலித்தது, ஒரு வாரம் அறைக்குள் இருந்தாள். மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வஹீதா கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் இருமினால் உள்ளே எட்டிப் பார்ப்பதும் அதட்டுவதுமாக இருந்தார். வேணி தினமும் போன் செய்து, "மூச்சை இழுத்து விடு, நான் கேக்கறேன்" என்பாள்.

பிப்ரவரி கடைசியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. ஹஃப்ஸா என்று பெயர் வைத்தார்கள். ஹாலித் வீடியோவில் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை காட்டச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஷஹனாஸ் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ரங்கநாயகி அம்மாள் கையைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்துத் தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு, "இத்தனை மாசமா எல்லாரும் என்னைக் குத்திக் குதறிட்டா. பெருமாள் புண்ணியத்துல வந்து சேர்ந்தியே. கொழந்தை யாரு ஜாடை?" என்று கேட்டார்.

ஹஃப்ஸா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். ஷஹனாஸிடம் கர்ப்பிணிகள் இன்னமும் வந்து கேட்பதுண்டு. அந்த ஊசி, இந்த ஊசி, போடலாமா வேண்டாமா என்று. அவள் ஒருவருக்கும் பட்டென்று பதில் சொல்ல மாட்டாள். "நான் போட்டேன், எனக்கு நல்லாயிருந்துச்சு. ஆனா என்னைப் பாத்து நீங்க முடிவு பண்ணாதீங்க. டாக்டரைக் கேளுங்க, கேக்க வேண்டியதெல்லாம் கேளுங்க, பயந்துக்கிட்டு மட்டும் வீட்டுல உக்காராதீங்க" என்பாள்.

வஹீதாவுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பக்கத்தில் இருந்தால் தானே ஆரம்பித்துவிடுவார். முகாம் வாசலில் நடந்ததைச் சொல்லும்போது கூட்டம் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே போகும், அந்தப் பெரியவர் இப்போது இரண்டு பேராகிவிட்டார். "எங்க வீட்டுல மொதல்லேர்ந்தே நான்தான் போட்டுக்கன்னு சொன்னேன்" என்றுதான் முடிப்பார். தாஜுதீன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். ஷஹனாஸ் திருத்துவதில்லை. அடுப்படியில் நின்று டீ ஆற்றிக்கொண்டே, மாமி கதையை முடிக்கும்வரை ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கேட்பாள்.